செவியும் சான்றும்

நுழையும்முன்

விலை உயர்ந்த பொருள் கைக்கு வந்ததும் அது மேலானதாகத் தோன்றுகிறது. அந்த மேன்மை பொருளில் இருக்கிறதா, விலையை அறிந்த மனத்தில் இருக்கிறதா என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஒலிக்கருவிகளை இணைக்கும் கம்பிகளைப் பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வழக்கை ஆரணியின் பட்டுத்தறிகளுக்கு அருகில் நின்று ஆராய்கிறது இக்கட்டுரை.

பட்டின் ஒலி

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர்பெற்றது. ஆரணிப் பட்டு, புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களுள் ஒன்று. நெசவாளர் வாழும் தெருவுக்குள் நுழைவோர் சேலையைக் காணும் முன்பே தறியைக் கேட்டுவிடுவர். நாடா ஓடும் ஓசை, பலகை வந்து ஊடையை அடிக்கும் ஓசை, மேலே ஜக்கார்டுப் பெட்டி எழுந்து இறங்கும் ஓசை ஆகிய மூன்றும் ஒரு தாளத்தில் அமைந்திருக்கும். அத்தாளம் தப்பினால், அடுத்த அறையில் இருக்கும் நெசவாளர் தலைநிமிராமலே அதனை அறிந்துகொள்வார். நாள் முழுதும் தறியோடு வாழ்பவரின் செவி அத்தகையது.

பட்டுக்கும் ஓர் ஒலி உண்டு. புதுப்பட்டைக் கைக்குள் திரட்டி அழுத்தினால் மெல்லிய நறநறப்பு எழும். நல்ல பட்டுக்கு அதுவே அடையாளம் என்று சொல்லிச் சேலையைக் காதருகே கொண்டுசென்று பார்க்கும் வழக்கம் பெரியவர்களிடம் உண்டு. இந்த ஒலி எங்கிருந்து வருகிறது? பட்டுப்புழு நூற்கும் இழையின்மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கிறது. சோப்பு கலந்த வெந்நீரில் நூலைக் கொதிக்கவைத்து அப்பசையை நீக்குவர். அதன்பின் நீர்த்த அசிட்டிக் அமிலம் போன்றதொரு மென்மையான அமிலத்தில் நூலை அலசினால் நறநறப்பு உண்டாகிறது. அமிலத்தில் அலசாத பட்டு அவ்வளவாக ஒலிப்பதில்லை. மறுபுறம், பட்டல்லாத சில துணிகளுக்கும் தக்க பூச்சு கொடுத்து இதே நறநறப்பை வரவழைக்க முடியும்.

ஆகவே, காதருகே கேட்ட ஒலி மெய். அது கேட்டதும் மெய். “ஒலி கேட்கிறது, ஆதலால் இது தூய பட்டு” என்று மனம் செய்யும் முடிவுதான் ஆராயத் தக்கது. புலன் அளிக்கும் செய்தி ஒன்று, அதனைக்கொண்டு நாம் எழுப்பும் முடிவு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் குழப்பத்தை இனி ஒலிக்கம்பிகளின் வழக்கில் காண்போம்.

கம்பிக்குள் இசை

வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவித்தொகுதி ஒன்றில் ஒலிமிகைப்பி இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், இரண்டையும் இணைக்கும் கம்பி இருக்கும். அக்கம்பியை மின்பொருள் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். அதே பணிக்கெனத் தனியே செய்யப்பட்ட கம்பிகளும் உண்டு. அவற்றுள் சில வெள்ளி முலாம் பூசியவை. சில தூய வெள்ளியாலேயே ஆனவை. பின்னலும் உறையும் நகையை ஒத்திருப்பவை. அவற்றின் விலை ஆயிரங்களில் தொடங்கி இலட்சங்களையும் தொடும். அவற்றைப் பயன்படுத்துவோர் பலர், குரலில் தெளிவு கூடுவதாகவும், வீணையின் நரம்பு அருகில் ஒலிப்பதாகவும், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட அமைதிகூட ஆழமாவதாகவும் கூறுகின்றனர். பொறியாளர் பலர் இதனை மறுக்கின்றனர். இருசாராரும் நேர்மையானவர்களே என்பதுதான் இவ்வழக்கின் சுவை.

முதலில் இயற்பியல் சொல்வதைப் பார்ப்போம். ஒலிபெருக்கிக்கு ஐந்து மீட்டர் தொலைவில் ஒலிமிகைப்பி இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டுமாதலால் கம்பியின் நீளம் பத்து மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் உள்ள சாதாரணச் செம்புக்கம்பியானால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.115 ஓம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம் என்று வைத்துக்கொண்டால், கம்பியால் குறையும் ஒலியளவு ஏறத்தாழ 0.12 டெசிபல். செம்புக்குப் பதிலாக வெள்ளியை இட்டால் என்ன ஆகும்? வெள்ளியின் மின்தடை எண் செம்பினுடையதைவிட ஏறத்தாழ ஆறு விழுக்காடே குறைவு. 0.115 ஓம் என்பது 0.108 ஓம் ஆகும்; அவ்வளவுதான். செம்புக்கம்பியையே சற்றுத் தடிமனாக வாங்கினால் இதைவிட மிகுதியான பயன் கிடைத்துவிடும்.

எல்லாக் கம்பியும் ஒன்றே என்றும் இதனால் கொள்ளக்கூடாது. 0.2 சதுர மில்லிமீட்டர் மட்டுமே பரப்புள்ள மெல்லிய கம்பியை அதே தொலைவுக்கு இழுத்தால் மின்தடை 0.86 ஓம் அளவுக்கு உயரும். இழப்பு ஏறத்தாழ 0.9 டெசிபல். மேலும், ஒலிபெருக்கியின் தடை எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாகவே நிற்பதில்லை; ஏறியும் இறங்கியும் மாறும். எனவே, மெல்லிய கம்பி சில சுரங்களை மிகுதியாகவும் சிலவற்றைக் குறைவாகவும் அடக்கும். இந்த வேறுபாடு செவிக்கு எட்டக்கூடியது. கோயில் திருவிழாவுக்குத் தெருக்கோடி வரை கம்பி இழுத்துக் குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டுவோர் இதனை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிந்திருக்கின்றனர். தொலைவு கூடினால் அவர்கள் தடித்த கம்பியைத் தேடுவர்.

கம்பியின் வழியே குறிப்பலை விரைந்து செல்வதால் இசை உயிர்பெறுகிறது என்று விற்பனையாளர் சிலர் கூறுவதுண்டு. இதனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளியின் விரைவில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் சென்றால், ஐந்து மீட்டரைக் கடக்க 25 நானோநொடி ஆகும். அதே நேரத்தில் காற்றில் ஒலி கடக்கும் தொலைவு 0.01 மில்லிமீட்டருக்கும் குறைவு. பட்டுப்புழு நூற்கும் தனியிழையின் தடிமனே ஏறத்தாழ அவ்வளவுதான். கேட்பவர் தம் தலையை ஒரு பட்டிழையின் அகலத்துக்கு அசைத்தால் உண்டாகும் மாற்றத்தை எந்தக் கம்பியும் மிஞ்சுவதில்லை.

ஐந்தாம் அறிவும் ஆறாம் அறிவும்

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்திய தொல்காப்பியர் தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என அடுக்கி, ஆறாவதாக மனத்தை வைத்தார். செவிக்கு அடுத்த வீடு மனம். அண்டை வீட்டார் சுவருக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல, செவி கேட்கும்போதே மனமும் தன் சொல்லைக் கலந்துவிடுகிறது. கண்ணும் அவ்வாறே கலக்கும்.

இதனை ஐயமற நிறுவிய ஆய்வு 1976ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளிவந்தது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் உளவியலாளர் இருவர் அதனைச் செய்தனர். இதழ்கள் பொருந்திப் பிறக்கும் பகர ஒலியைக் கேட்கச் செய்து, அதே நேரத்தில் அடிநாவில் பிறக்கும் ககர ஒலியைச் சொல்லும் வாயைத் திரையில் காட்டினர். பார்த்தவர்களுள் பெரும்பாலோர் இரண்டையும் கேட்கவில்லை. இடைப்பட்ட டகரம் போன்ற ஒலியையே கேட்டனர். கண்ணை மூடினால் பகரம் திரும்பிவிடும். திறந்தால் மீண்டும் மாறும். சூழ்ச்சியை முன்னரே அறிந்தவருக்கும் அவ்வாறே கேட்கும் என்பது இதில் வியப்பானது. எழுத்துகளின் பிறப்பிடத்தை இலக்கணத்தில் கற்ற உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எனவே, விலையுயர்ந்த கம்பியை மாட்டியபின் இசை சிறந்ததாகச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அவ்வாறே கேட்கிறது. அந்த இன்பமும் உண்மையானது. அதற்குக் காரணம் கம்பியா, கம்பியைப் பற்றிய அறிவா என்பதுதான் வினா. அவ்வினாவுக்கு விடை காண ஒரே வழி, அறிவை நீக்கிவிட்டுக் கம்பியை மட்டும் வைப்பது.

மறைத்துக் கேட்டல்

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் இருவரும் 1950இல் ஒரு தேர்வுமுறையை வெளியிட்டனர். முதலில் ‘அ’ என்னும் ஒலி. அடுத்து ‘ஆ’ என்னும் ஒலி. மூன்றாவதாக அவ்விரண்டில் ஏதோ ஒன்று. மூன்றாவது எதனை ஒத்தது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். எது சிறந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. வேறுபாடு தெரிந்தால் போதும். பின்னாளில் கருவிகளின் உதவியோடு இம்முறை விரிவாயிற்று. கேட்பவருக்குக் கம்பி தெரியாது. மாற்றித் தருபவருக்கும் தெரியாது. தருபவர் அறிந்திருந்தால் அவர் முகமோ, குரலோ, ஒரு கண நேரத் தயக்கமோ விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

இன்னொரு முன்னெச்சரிக்கையும் தேவை. இரண்டு ஒலிகளின் அளவு மிக நுட்பமாக ஒத்திருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட அரை டெசிபல் உரத்து ஒலித்தாலும், கேட்பவர் அதனை “உரத்தது” என்று உணரமாட்டார்; “தெளிவானது”, “உயிருள்ளது” என்றே உணர்வார். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகள் பலவும் இவ்விடத்தில்தான் பழுதாகின்றன. ஆய்வுகளில் பொதுவாக 0.1 டெசிபல் அளவுக்குள் இரண்டையும் சமன்செய்வர்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ என்னும் இதழ், லாரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய இத்தகைய தேர்வு ஒன்றை வெளியிட்டது. ஒலிக்கென்றே விற்கப்பட்ட தடித்த கம்பி, சாதாரண விளக்குக்குப் பயன்படும் தடித்த கம்பி, மிக மெல்லிய கம்பி ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. இரைச்சல் ஒலியை ஓடவிட்டபோது மெல்லிய கம்பியைக் கேட்போர் இனங்கண்டனர். இயற்பியல் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆனால், இசையை ஓடவிட்டு, தடித்த இரண்டையும் சமன்செய்து கேட்கச் செய்தபோது, விலையுயர்ந்த கம்பியை விளக்குக் கம்பியிலிருந்து பிரித்துச் சொல்ல இயலவில்லை.

கம்பியைவிடப் பெரிய பொருள்களிலும் இந்நிலை உண்டு. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஒலிபெருக்கிகளை வைத்து ஆராய்ந்தனர். முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும் பின்னர்த் திரையின்றியும் மதிப்பிடச் செய்தனர். ஒலிபெருக்கிகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இருந்தது. திரை இருந்தபோது அவற்றைக் கேட்போர் உணர்ந்தனர். திரை விலகியதும் மதிப்பெண்கள் மாறின. பெரியதும் அழகியதும் ஏறின. சிறியதும் மலிவானதும் இறங்கின. பயிற்சி பெற்ற செவியினரும் இதற்கு விலக்கல்லர்.

வயலினின் கதை இன்னும் அறிவுக்கு விருந்தானது. ஸ்ட்ராடிவாரி என்னும் இத்தாலியக் கைவினைஞர் முந்நூறு ஆண்டுகளுக்குமுன் செய்த வயலின்கள் பல கோடி ரூபாய் பெறுவன. அவற்றின் ஒலிக்கு நிகரில்லை என்பது உலக வழக்கு. கிளாடியா ஃபிரிட்ஸ் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் தம் குழுவினருடன் 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், வயலின் போட்டி ஒன்றுக்கு வந்திருந்த 21 கலைஞர்களிடம் மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் கொடுத்தார். மங்கிய ஒளியில், பற்றவைப்போர் அணியும் கண்ணாடியைக் கலைஞர்களுக்கு அணிவித்தார். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காதிருக்க, மோவாய் படும் இடத்தில் நறுமணத் தைலத்தையும் தடவிவைத்தார்! வாசித்தவர்களுள் பெரும்பாலோர் புதியவற்றையே விரும்பினர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. இவ்வாய்வின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. பத்துப் புகழ்பெற்ற கலைஞர்களைக்கொண்டு பாரிசில் நடத்திய அடுத்த ஆய்வும் ஏறத்தாழ இதனையே காட்டியது.

கம்பிக்கும் வயலினுக்கும் ஒரு வேற்றுமையை இங்கே கருத வேண்டும். வயலினுக்கு வயலின் ஒலி மாறுகிறது. அதனைக் கலைஞர்கள் உணர்ந்தனர். மாறாக, எது பழையது என்பதை மட்டும் அவர்களால் சொல்ல இயலவில்லை. போதிய தடிமனுள்ள இரண்டு கம்பிகளுக்கிடையே வேறுபாடு ஒன்று உண்டு என்பதே நிறுவப்படாமல் நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு சோடி ஒலிபெருக்கிக் கம்பி 7,250 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டதை அறிந்த ஜேம்ஸ் ராண்டி என்னும் பகுத்தறிவாளர், அதனைச் சாதாரணக் கம்பியிலிருந்து மறைமுகத் தேர்வில் பிரித்துக் காட்டுவோர் தம் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டாலர் பரிசைப் பெறலாம் என்று 2007இல் அறிவித்தார். முன்வந்தோரும் இருந்தனர். எனினும் அத்தேர்வு நடைபெறாமலேயே போயிற்று.

தேநீரும் எண்ணும்

ஒருவர் பத்து முறை கேட்டு ஏழு முறை சரியாகச் சொல்லிவிட்டார் என்று கொள்வோம். அவர் செவி நுட்பமானது என்று முடிவு செய்யலாமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பிறந்த கதை ஒன்று விடை தரும். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்றார் அங்குப் பணியாற்றிய பெண்மணி ஒருவர். உடன் இருந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் அதனைச் சிரித்து ஒதுக்கவில்லை. 1935இல் எழுதிய நூலில், அதற்கான தேர்வை எவ்வாறு அமைப்பது என்று விரிவாக விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை கலைக்கப்பட்டது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் எழுபது என்பதை நீங்கள் கணிதப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். நான்கையும் சரியாக எடுப்பது குருட்டுவாக்கில் எழுபதில் ஒரு முறைதான் நிகழும்.

கம்பிக்கும் இதே கணக்கு. எதனையும் கேளாமல், நாணயத்தைச் சுண்டிவிட்டு விடை சொல்பவரும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ சரியாகச் சொல்வதற்கு நூற்றில் பதினேழு வாய்ப்பு உண்டு. எட்டோ அதற்கு மேலோ என்றால் நூற்றில் ஐந்துக்குச் சற்று மேல். ஒன்பதோ பத்தோ என்றால் ஏறத்தாழ நூற்றில் ஒன்று. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் அனைவரும் நாணயம் சுண்டினாலும், இரண்டொருவர் எட்டைத் தொட்டுவிடுவர். அவர்களை மட்டும் மேடையேற்றி “நுண்செவியர்” என்று பாராட்டினால் நாம் பாராட்டுவது நாணயத்தை. அவர்களை மறுநாள் மீண்டும் சோதிப்பதே முறை.

அவை ஏறிய சுருதி

செவியின் தீர்ப்பைப் பற்றிய பெரும் வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலும் எழுந்தது. தென்காசி அருகே சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் ஆபிரகாம் பண்டிதர். ஒரு தானத்தில் இருபத்திரண்டு சுருதிகள் உள்ளன என்பது அக்காலத்து நூலோர் பலர் கொண்ட கொள்கை. பண்டிதர் அதனை மறுத்து, இருபத்துநான்கு என்றார். கணக்கு எழுதிக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டுக்குச் சென்று, அறிஞர் அவையில் தம் மகளிரைக் கொண்டு இசைத்துக் காட்டச் செய்தார். அடுத்த ஆண்டு அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது.

அவையோர் அன்று கேட்டது எவருடைய சுருதி என்பதை அறிந்தே கேட்டனர். இன்றைய ஆய்வாளர் அதனைக் குறையாகக் கருதுவர். ஆனால், இசையைப் பற்றிய கொள்கை இசையாகக் கேட்கப்பட்டாக வேண்டும் என்ற பண்டிதரின் துணிவு இந்த வழக்குக்கு அடித்தளம். அதனை அவர் 1916இலேயே செய்தார் என்பதை மறத்தல் தகாது.

செவியை நம்பவே கூடாதா என்ற ஐயமும் எழலாம். அதற்கு மிருதங்கம் விடை சொல்லும். வலந்தலையின் நடுவே கரிய பசையைச் சிறிது சிறிதாக இட்டு, தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் இட்டு அதனை உருவாக்கியவர்கள் இயற்பியல் நூல் கற்றவரல்லர். சர் சி. வி. இராமன் 1920இல் நேச்சர் இதழில் அதனை ஆராய்ந்து எழுதினார். பிற முரசுகளின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதிருக்க, மிருதங்கத்தின் மேற்சுரங்கள் தந்திக்கருவியினுடையவைபோல் முழு எண் விகிதத்தில் அமைந்திருப்பதை அவர் காட்டினார். தலைமுறை தலைமுறையாகச் செவி ஒன்றே கருவியாகக் கண்டறிந்ததை ஆய்வகம் உறுதிசெய்தது. பயின்ற செவிக்கு இவ்வளவு ஆற்றல் உண்டு. அதனால்தான் அதனிடம் சான்று கேட்பது அவமதிப்பு ஆகாது.

மறுப்போர் கூறுவன

மறைத்துக் கேட்கும் தேர்வை ஏற்காதோர் சொல்லும் காரணங்களுள் சில எண்ணத் தக்கவை. தேர்வு என்றாலே மனம் பதறுகிறது. பதறிய மனம் நுட்பத்தை இழக்கிறது என்பர். அறியாத அறையில், பழகாத பாட்டை, சில நொடிகள் மட்டும் கேட்டு எவ்வாறு சொல்வது என்பர். வேறுபாடு தெரியவில்லை என்பதால் வேறுபாடே இல்லை என்று ஆகாது என்பதும் அவர்கள் வாதம். இறுதியில் சொன்னது அளவை முறைப்படி சரியே. பத்துப்பேர் கேட்கவில்லை என்பது பதினோராமவரும் கேட்கமாட்டார் என்பதற்கு முழுச் சான்றாகாது.

ஆயினும், தேர்வை அவரவர் வீட்டிலேயே, அவரவர் கருவியிலேயே, விரும்பிய பாட்டை விரும்பிய நாள் வரை கேட்டு நடத்துவதற்குத் தடை ஏதுமில்லை. மறைக்கப்படுவது கம்பியின் பெயர் ஒன்றுதான். கம்பியை மாற்றியதும் “இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு” என்று சொன்னவர், பெயரை மறைத்த அளவில் இரவையும் பகலையும் பிரிக்க இயலாமற்போனால், அப்பகலை உண்டாக்கியது பெயரே என்று கருதுவதில் தவறில்லை. நல்ல இணைப்பிகள், உறுதியான உறை, பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சலைத் தடுக்கும் வலை ஆகியவற்றுக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வேறு. அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அவற்றின் பயனை எவரும் காணலாம்.

மீண்டும் தறியருகே

இப்போது ஆரணிக்காரர் ஒருவர் நம்மை மடக்கலாம். “கண்ணைக் கட்டிவிட்டுக் கைத்தறிப் பட்டையும் விசைத்தறிப் பட்டையும் கொடுத்தால், வாங்குவோருள் எத்தனை பேர் தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்வார்கள்? சொல்ல முடியாவிட்டால் எங்கள் சேலையும் அந்தக் கம்பியும் ஒன்றுதானா?” இவ்வினா கடுமையானது. கோர்வைக் கரையையும் முந்தி இணைப்பையும் திருப்பிப் பார்த்து நெசவாளர் எளிதில் கண்டுகொள்வதை வாங்குவோர் பலர் அறியார் என்பதும் உண்மை.

விடை, விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒலிக்கம்பி விற்பவர் செவிக்கு இன்பம் தருவதாக வாக்களிக்கிறார். அவர் வாக்கைச் சோதிக்கச் செவியைத் தவிர வேறு நடுவர் இல்லை. செவி கைவிட்டால் வாக்கும் வீழும். கைத்தறிச் சேலையின் விலையிலோ கைக்கு எட்டாத செய்திகளும் அடங்கியுள்ளன. இழை பட்டுப்புழு தந்ததா, ஜரிகையில் வெள்ளியும் பொன்னும் எவ்வளவு, பல நாள்கள் குழித்தறியில் அமர்ந்து நெய்த மனிதர் ஒருவர் உண்டா என்பன உலகில் உள்ள உண்மைகள். தொடுவோரின் விரல் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அவை மாறுவதில்லை. அவற்றை அறியத் தனித்தனி வழிகளும் உண்டு. இழை ஒன்றை எரித்தால் பட்டு, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து நொறுங்கும் சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஜரிகையின் உலோக அளவை எக்ஸ் கதிர்க் கருவி சொல்லிவிடும். தூய பட்டுக்கெனப் பட்டு முத்திரை 2004 முதலும், கைத்தறிக்கெனக் கைத்தறி முத்திரை 2006 முதலும் நடைமுறையில் உள்ளன.

ஆதலால், “தொட்டாலே தெரியும், காதில் வைத்தாலே தெரியும்” என்று சொல்லிப் பட்டை விற்பது நெசவாளருக்கு நன்மை செய்வதாகத் தோன்றித் தீமையே செய்கிறது. தொடுதலும் ஒலியுமே பட்டின் இலக்கணம் என்று வாங்குவோர் கற்றுக்கொண்டால், அவ்விரண்டையும் போலி செய்யக் கற்ற துணி, தறியில் அமர்ந்தவரின் கூலியைப் பறித்துக்கொள்ளும். அமிலத்தில் அலசிய நறநறப்பை எந்தத் துணிக்கும் கொடுக்க முடிகிற காலத்தில், ஆரணியின் தெருக்களில் ஓடும் தறிகள் வாங்குவோரின் காதை மட்டும் நம்பியிருக்க முடியாது. முத்திரையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தையும், “இதனை நெய்தவர் யார்?” என்று கேட்கும் வழக்கத்தையும் அவை நம்பியிருக்கின்றன.

கற்பவை கற்றபின்

தடிமனில் ஒத்த, விலையில் வேறுபட்ட இரண்டு ஒலிக்கம்பிகளையோ, கைத்தறித் துணி ஒன்றையும் விசைத்தறித் துணி ஒன்றையுமோ கொண்டு உங்கள் வகுப்பில் மறைமுகத் தேர்வு ஒன்றை நடத்துக. வரிசையை நாணயம் சுண்டி முடிவு செய்க. எடுத்துத் தருபவரும் விடையை அறியாதவாறு ஏற்பாடு செய்க. பத்து முறைக்கு எத்தனை விடைகள் சரியாக இருந்தால் ஏற்பீர்கள் என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவைக்கவும். தேர்வு முடிந்தபின் அந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று வகுப்பில் யார் யார் வாதிடுகின்றனர் என்பதையும் குறித்துக்கொள்க.